அரிவாள் இல்லாத குறையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையக்காரர் காலத்துக் காதல் கதையாக அண்மையில் வெளிவந்திருக்கும் படத்தைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த விமர்சனத்தின் கடைசிப் பத்தியில், "அரிவாளுக்கு வேலை இல்லாததால் நெல்லைச் சீமையில் படம் எடுபடவில்லை" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தும் மனம் ஆறாததால் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலி டவுனில் 41 ஆண்டுகள் தையற்கடை நடத்தியவன். மனைவி, மருமகள், பேத்தி, அடுத்த வீட்டிலுள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆகியோருடன் ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியெல்லாம் ஐந்து பேருக்கும் ஐந்து பேச்சு. பிரிவுக் காட்சியில் நாயகி ஒரு சொல்லும் பேசாமல் அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் மருமகள் அழுதுவிட்டாள். அரண்மனையை விட்டு வெளியேறத் துணிந்தவள் தகப்பனாரின் ஓர் அதட்டலுக்குத் தலைகுனிந்துவிட்டாளே என்று கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு ஆத்திரம். மனைவி இடைவேளைக்குப் பிறகு உறங்கிவிட்டாள். அதையும் நான் ஒரு கருத்தாகவே எடுத்துக்கொள்கிறேன். தமிழாசிரியருக்கு வசனம் பொறுக்கவில்லை. எனக்கு உடை பொறுக்கவில்லை. அரிவாள் எங்கே என்று எங்களில் எவரும் கேட்கவில்லை என்பதைத் தங்கள் விமர்சகருக்குப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

"காலத்தைக் கண்முன் நிறுத்தும் உடைகள்" என்று அவர் மெச்சியிருக்கிறார். நாயகி குதிரையேறத் திரும்பும்போது அவள் முதுகில் ஜிப் தெரிகிறது. அதன்மேல் ஒரு ஜரிகைப் பட்டையை மடித்துத் தைத்தும் மறைக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ரவிக்கை உண்டா இல்லையா என்ற வழக்குக்கே நான் வரவில்லை. நான் கடையை மூடும் தறுவாயில் கல்யாணப் பெண்கள் கைப்பேசியில் படம் காட்டித் தைக்கச் சொன்ன அதே பிரின்சஸ் கட் ரவிக்கைதான் அது என்பதை, அளவு நாடா பிடித்த எவனும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவான். கோயில் கொடை விழாக்களில் நடக்கும் நாடகங்களுக்கு வள்ளிக்கும் முருகனுக்கும் ஜிகினா வைத்துத் தைத்துக் கொடுத்தவன்தான் நானும். ஆனால் அந்த நாடகக்காரர்கள் எவரும் ஐந்தாண்டு ஆராய்ச்சி செய்தோம் என்று நோட்டீஸ் அடித்ததில்லை. இந்தப் படத்தார் அடித்தார்கள், தங்கள் இதழின் பின்னட்டையிலேயே, முழுப்பக்கமாக.

அந்த ஐந்தாண்டில் ஒரு நாள் திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு வந்திருந்தால் போதும். நாயக்கர் காலத்துச் சிற்பங்களில் இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனும், இளவரசனைத் தோளில் சுமக்கும் குறத்தியும், ரதியும் மன்மதனும் நிற்கிறார்கள். ஆடையின் கொசுவமும் அணியின் ஒவ்வொரு மணியும் கல்லில் எண்ணக்கூடியபடி இருக்கின்றன. வண்ணம் வேண்டுமென்றால் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உட்சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. தாங்கள் அறியாததா?

நாயகியின் காதில் பாம்படம் என்று ஒன்று ஆடியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்து, உடனே வருத்தமும் வந்தது. காதுத் துளையைப் பெரிதாக்கி மடல் தொங்கக் காது வளர்க்காதவள் பாம்படம் போட முடியாது ஐயா. அதைத் திருகாணி வைத்து மாட்டியிருக்கிறார்கள். என் ஆச்சிக்குக் காது தோளைத் தொடும். அவள் தன் பாம்படத்தைக் கழற்றி விற்றுக் கொடுத்த பணத்தில்தான் என் முதல் தையல் மிஷின் வந்தது. அதன்பிறகு அவள் வெறுங்காதோடுதான் இருந்தாள். படங்களிலோ பாம்படம் போட்ட கிழவி என்றாலே சிரிப்புக் காட்சி என்று ஆகிப் பல காலமாயிற்று.

பேச்சுக்கும் அதே கதிதான். பாளையக்காரர் மகள் தன் காதலனை "ஏலே" என்று அழைக்கிறாள். சின்னப் பையன்களையும் கூடப் படித்தவனையும் கூப்பிடுகிற அந்தச் சொல்லால், கட்டிக்கொள்ளப் போகிறவனைக் கூப்பிட்ட பெண் ஒருத்தியையும் இந்த 68 வயதுவரை நான் கண்டதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே குறையைத் தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அதில் "படம் அருமை" என்ற பகுதி மட்டும் அச்சானது. தங்கள் இடநெருக்கடியை நான் அறிவேன்.

எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவனும் அல்லன் நான். 1959இல் வந்த "வீரபாண்டிய கட்டபொம்மன்" படத்திலும் பட்டும் பளபளப்பும் மிகைதான். ஆனாலும் ஜெமினி கணேசனும் பத்மினியும் வெள்ளையத்தேவனும் வெள்ளையம்மாளுமாக வந்த காதல் காட்சிகளை என் தகப்பனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மிகையை அவர் மன்னித்ததுபோல், இந்தப் படத்தின் ஜிப்பை என் மருமகள் மன்னித்துவிட்டாள். அது அவர்கள் பாடு. எங்களுக்குள் கருத்து வேறுபட்டதற்குக் காரணம் காதலும் பேச்சும் துணியும். கையில் அரிவாள் இல்லாத ஏக்கம் அல்ல.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஓர் ஊரில் படம் எடுபடவில்லை என்று இனி எழுதும்போது, விமர்சகர் அந்தப் படத்தை எந்த ஊரில், எந்தக் காட்சிக்குப் பார்த்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் கடைசியில் கைவையுங்கள். ஆச்சியின் பாம்படத்தை வெட்டிவிட வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தையற்காரர்,
திருநெல்வேலி டவுன்.