லட்ச ரூபாய் சைக்கிளும் வெள்ளை மண் பாதையும்

ஈஸ்ட்போர்ன், இங்கிலாந்து,
அக்டோபர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "நல்ல தார் ரோடு இருக்கிற ஊருக்குப் போய்விட்டு, காட்டுக்குள்ளே சைக்கிள் ஓட்டுகிறாளாம், அதுவும் லட்ச ரூபாய் சைக்கிள்" என்று நம் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறீர்களாம். அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். போனில் விளக்கலாம் என்றால் நீங்கள் "சரி சரி" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

முதலில் பணக் கணக்கு. இங்கே வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள் வாங்க ஒரு திட்டம் உண்டு. வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். ஆகவே மொத்தமாக எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போகிறேன், பஸ் காசு மிச்சம்.

சைக்கிளைப் பார்த்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். முன் ஃபோர்க்கில் மட்டும் ஷாக் அப்சார்பர். இரண்டு சக்கரத்துக்கும் ஆயில் டிஸ்க் பிரேக். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12. அதில் பெரியதற்கு 51 பல்! நம் கடையில் மாட்டுகிற 18 பல் ப்ரீவீலை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு செங்குத்தான ஏற்றமாக இருந்தாலும் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிவிடலாம், வேகம்தான் நடக்கிறவரை விடக் குறைவாக இருக்கும். இறக்கத்தில் ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கிக்கொள்ளும்.

டயருக்குள் டியூபே கிடையாது. ரப்பர் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றி, காற்றை 25 பவுண்டுதான் வைக்கிறோம். முள் ஏறினால் அந்தப் பால் ஓடிவந்து தானே அடைத்துக்கொள்ளும். உங்கள் பஞ்சர் வியாபாரம் படுத்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதற்கும் மிஞ்சின ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது. சக்கிமுக்கிக் கல். சுண்ணாம்புப் பாறைக்குள் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். மேலே வெள்ளைத் தோல், உடைந்தால் உள்ளே கறுப்புக் கண்ணாடி. இந்தப் பக்கத்துப் பழைய வீடு, மாதா கோவில், மதில் எல்லாம் இந்தக் கல்லில்தான் கட்டியிருக்கிறார்கள். பாதையில் அதன் சில்லு நிமிர்ந்து நின்றால் டயரின் பக்கவாட்டைக் கத்தி வைத்தாற்போல் கிழித்துவிடும். போன மாதம் ஜெவிங்டன் கிராமத்துக்கு மேலே எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பால் பீய்ச்சி அடித்தது, காற்று நிற்கவில்லை. நீங்கள் செய்வது போலப் பழைய டயரில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்திருந்தேன். அதைக் கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, டியூபைப் போட்டு, காற்றடித்து எழுந்தேன். கூட வந்த எங்கள் வார்டு சீனியர் நர்ஸம்மா (அறுபது வயதாகிறது, ஏற்றத்தில் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்) இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். அரியலூரில் என்றேன்.

அரியலூர் என்றதும் இன்னொன்று. சவுத் டவுன்ஸ் என்கிற இந்தக் குன்று வரிசை முழுக்கச் சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷம் கடலடியில் படிந்து உண்டானது. நம் ஊர் சிமென்ட் ஆலைக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அதே கிரிட்டேசியஸ் என்கிற டைனோசர் காலத்துக் கடலடிதான். சின்ன வயதில் ஓடையில் பொறுக்கினோமே, சுருண்ட நத்தைக் கல், அந்த இனம் இங்கேயும் கிடைக்கிறது.

மலை என்று சொன்னால் பச்சைமலைக்காரர்கள் சிரிப்பார்கள். இந்த வரிசையில் உயரமான சுண்ணாம்புக் குன்றே 270 மீட்டர்தான். ஆனால் குறுக்கே ஆறுகள் வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் கிட்டத்தட்டக் கடல் மட்டம் வரை இறங்கி, மறுபடி ஏற வேண்டும். விண்டோவர் குன்றின் மேல் மூச்சு வாங்க நின்றால் தெற்கே கடல், வடக்கே சமவெளி. மேலே ஓடை, கிணறு எதுவும் கிடையாது, பெய்கிற மழை எல்லாம் சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். ஆடுகள் ஒட்ட மேய்ந்த புல்லில் சதுர மீட்டருக்கு 40 வகைச் செடி வரை இருக்குமாம். கோடையில் பாதை சிமென்ட் தரை போல இறுகிக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் அவ்வளவுதான். மேலாக ஒரு வழவழப்பு வந்துவிடும், திருப்பத்தில் பிரேக்கைத் தொட்டால் படுக்க வேண்டியதுதான். அப்போது ஃப்ரிஸ்டன் காட்டுக்குள் போய்விடுவோம். போன நூற்றாண்டில் நட்ட பீச் (beech) என்கிற மரத்தின் காடு. மரங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு வளைந்து வளைந்து தடம் போகும். அங்கே ஈர வேர்களைச் சாய்வாகக் கடக்கக் கூடாது, நேராக ஏற்றிவிட வேண்டும்.

அப்பா, உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது இந்தப் பாதையைப் பற்றித்தான். இருபுறமும் தனியார் நிலம். கோதுமை வயல், ஆட்டுப் பட்டி, யார் யாருடையதோ. ஆனால் நடுவே போகிற குதிரைப் பாதையில் போக எல்லாருக்கும் உரிமை உண்டு. 1949-இல் வந்த சட்டப்படி இப்படிப்பட்ட பாதைகளையெல்லாம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறது. 1968-இல் இன்னொரு சட்டம், குதிரைப் பாதையில் சைக்கிளும் போகலாம் என்றது. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கம்பத்தில் நீல அம்பு இருந்தால் நாம் போகலாம், மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். மஞ்சள்தான் அதிகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். செவன் சிஸ்டர்ஸ் என்கிற அழகான வெள்ளைக் கடல் முகடு நடப்பவர்களுக்குப் போய்விட்டது, நாங்கள் உள்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

கேட்டைக் கூட யோசித்துச் செய்திருக்கிறார்கள். தாழ்ப்பாளின் பிடி நீளமாக மேலே நிற்கும், குதிரையில் இருப்பவர் இறங்காமலே திறக்கலாம். தாண்டியதும் சாத்திவிட வேண்டும், ஆடு மாடு வெளியே போய்விடும். எதிரே குதிரை வந்தால் நின்று, "குட் மார்னிங்" என்று குரல் கொடுக்க வேண்டும். வருவது மனுஷர்தான் என்று குதிரைக்குப் புரிந்துவிடுமாம்.

நம் வயலுக்குப் போகிற வண்டிப் பாதையை ஒருத்தர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டதால் தாத்தா சாகிற வரை ஆபீஸ் ஆபீஸாக நடந்தாரே, அதை நினைத்துக்கொண்டேன். இங்கேயும் வழித் தகராறு இல்லாமலில்லை. ஆனால் வின்செஸ்டர் என்கிற ஊரிலிருந்து இந்த ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர், யாரிடமும் கேட்காமல் சைக்கிளில் வரலாம். ஒரே நாளில் வருகிறவர்களும் உண்டு. எனக்கு மூன்று நாள் வேண்டும், அடுத்த கோடைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஹெல்மெட், கையுறை, முழங்கால் பட்டை எல்லாம் போடுகிறேன். தனியாகக் காட்டுக்குள் போவதில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். பின் ரிம்மில் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மேடாகக் குதிக்கிறது. பக்கவாட்டுக் கோட்டம் எடுத்துவிட்டேன், இந்தக் குதிப்புதான் போகவில்லை. 32 ஸ்போக். அந்த இடத்தில் இருபக்கமும் சமமாக முடுக்க வேண்டுமா, அல்லது எதிர்ப்பக்கத்தை முதலில் தளர்த்த வேண்டுமா? இங்கே கடையில் கொடுத்தால் கூலியே ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நீங்களே கூப்பிடுங்கள். உங்களுக்கு மத்தியானம் 2 மணி என்றால் எனக்குக் காலை 9:30. வியாழக்கிழமை எனக்கு நைட் டியூட்டி முடிந்து தூக்கம், அன்று மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்
தேன்மொழி