முள்முருங்கைப் போத்து

அம்பாசமுத்திரம்,
மாசிக் கடைசி.

அன்புள்ள மாப்ள,

பாளையங்கோட்டை வீட்டில் பால் காய்ச்சியாச்சு என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்ததா?

வாசலில் குல்மோகர் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. அது மடகாஸ்கர் மரம், அழகுதான், ஆனால் உனக்கு வேண்டியது குருவிகள். முள்முருங்கை வை. நம் பள்ளிக்கூடத்து வேலியில் நின்றதே, அதன் கொட்டையைக் கல்லில் உரசி என் தொடையில் சூடு வைப்பாயே, அந்த மரம்தான்.

என் புறவாசல் மரத்துக்கு ஆறு வயசு. தையில் இலை கொட்டி மொட்டையாக நின்றது, மாசி பிறந்ததும் கிளை நுனியெல்லாம் ரத்தச் சிவப்பு. விடிந்தால் மைனா, காக்கா, கரிச்சான், கொண்டைக்குருவி என்று ஒரே கூச்சல், தேன்சிட்டுக்கு இடமே கிடைப்பதில்லை, ஓரத்துப் பூவில் தொற்றிக்கொண்டு குடித்துவிட்டு ஓடுகிறது. பூவுக்கு வாசனை கிடையாது. ஒன்றைப் பறித்துக் கவிழ்த்தேன், உள்ளங்கையில் தண்ணீர் மாதிரி தேன் சொட்டியது. போன வாரம் சோளக்குருவிக் கூட்டம் வந்தது மாப்ள! ரோஸ் உடம்பு, கறுப்புத் தலை. மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்துக்கு நம் பக்கம் வருகிற பறவை என் புறவாசலில் உட்கார்ந்து, முகத்தில் பூந்தூள் ஒட்டியிருக்க, கொத்துக்குக் கொத்து தாவுகிறது. காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 2005-க்கு அப்புறம் இந்த மரத்துக்கு ஒரு பொடிக்குளவி வந்தது, தளிரில் முட்டை வைத்தால் இலையும் காம்பும் கட்டிகட்டியாக வீங்கிவிடும். அப்பா வைத்த மரம் அதில்தான் பட்டுப்போனது, அப்போது அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்போதும் ஒன்றிரண்டு கொத்தில் பார்க்கிறேன். வீங்கியதை ஒடித்து எரித்துவிடு, மருந்து மட்டும் அடிக்காதே, அந்தப் பூவில்தானே இத்தனையும் வாய் வைக்கின்றன.

மரம் மெத்து, ஆனி ஆடிக் காற்றுக்குக் கிளை ஒடியும். மதிலையும் கரண்டுக் கம்பியையும் விட்டுத் தள்ளி வை. பூ கிளை நுனியில் வருவதால் கார்த்திகைக்கு அப்புறம் அரிவாளை எடுக்காதே. இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டால் சளிக்கு நல்லது என்று தங்கச்சியிடம் சொல்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வீக்கம் இல்லாத கிளையாகப் பார்த்து ஆள் உயரப் போத்து ஒன்று வெட்டி நானே கொண்டு வருகிறேன். நீ குழியைத் தோண்டி வை.

உன் மச்சான்