குண்டத்தில் சூடு தெரியவில்லை என்றாய்

அன்புள்ள கண்ணுக்கு,

மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டாயிற்று. விலை ஏறட்டும் என்று அப்பா காத்திருக்கிறார். வெள்ளச்சி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வேறு செய்தி எழுத உட்கார்ந்தால் மனம் உன் காலிலேயே போய் நிற்கிறது. வெறுங்காலோடு நடக்காதே. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொள்.

பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் நீ நெருப்புக் குண்டம் இறங்கியபோது எனக்கு எவ்வளவு பெருமை! என் அப்பாவுக்கு, உன் அப்புச்சிக்குப் பிறகு நம் வீட்டில் விரதம் பிடித்து இறங்கியவன் நீதான். "சூடே தெரியவில்லை அம்மா" என்று சொன்னாய்; பக்கத்தில் நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அன்று இரவு நீ அயர்ந்து தூங்கும்போது இடது பாதத்தில் கொப்புளம் உடைந்திருப்பதைக் கண்டேன். காலையில் கேட்டதும் "எங்கே?" என்று குனிந்து தேடினாய். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மன் அருளில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் சுட்ட பிறகும் தெரியாமல் போனதை நான் அருளில் சேர்க்க மாட்டேன்.

பத்தாம் வகுப்பில் நான் பாடம் எடுக்கும்போது நரம்புச் செல்லைக் கரும்பலகையில் வரைய உன்னைத்தான் கூப்பிடுவேன். சைட்டான் என்னும் செல் உடல், டெண்ட்ரைட் என்னும் கிளைகள், ஆக்ஸான் என்னும் நீண்ட இழை, அதைச் சுற்றிய மையலின் உறை என்று அழகாகக் குறித்துக் காட்டுவாய். பலகைக்குள் அடங்க வேண்டுமே என்று ஆக்ஸானைக் குட்டையாகத்தான் வரைவோம். கட்டைவிரலில் பட்ட சூட்டைச் சொல்லும் செல்லின் உடல், இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதன் இழையோ விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல் உடலில் உருவாகி அவ்வளவு தூரமும் போய்ச் சேர வேண்டும். வேகமாகப் போவதே நாளொன்றுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான். மெதுவாக நகர்வது ஒரு நாளில் சில மில்லிமீட்டர்கூடத் தாண்டாது.

கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடுகிறது. வழியில் எங்கே கரை கசிந்தாலும் முதலில் காய்வது கடைமடை. நம் காட்டில் வளர்ந்த உனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் ஏறியே நின்றால் நரம்பும் கெடும், அதற்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடும். மிக நீளமான இழைகளின் நுனிதான் முதலில் தளரும். அதனால்தான் கால்விரலில் ஆரம்பிக்கிறது. சூட்டையும் வலியையும் சொல்பவை மெல்லிய இழைகள். பலவற்றுக்கு மையலின் உறையே கிடையாது. அவை ஓய்ந்துபோனால், ஓய்ந்துவிட்டது என்று சொல்லவும் ஆள் இல்லை.

பொதுவாகத்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் சர்க்கரை நோய் மாத்திரை அட்டை இருந்தது. அப்புச்சிக்கு அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தவள் நான். என்னிடம் சொல்லாமல் எத்தனை நாளாக விழுங்குகிறாய்? கேட்டுவிடுவேன் என்றுதானே போனை எடுப்பதில்லை? "அவர் நன்றாகத்தான் இருக்கிறார் அத்தை" என்று மருமகளைச் சொல்லவைக்கிறாய். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. அப்புச்சியின் காலை நினைத்துப் பார். நீயும்தானே மருத்துவமனையில் கூட இருந்தாய்.

சர்க்கரை நோய் மருத்துவரிடம் போனால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். வலியே இராது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையையும் செய்துகொள். செத்த நரம்புச் செல்லுக்குப் பதில் இன்னொன்று அங்கே பிறக்காது, கண்ணு. சர்க்கரையை அடக்கினால் கேடு மேலே ஏறாமல் தடுக்கலாம். அதற்கு இப்போதே போக வேண்டும்.

தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பார். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார். வெந்நீரில் காலை விட்டுப் பார்க்காதே, கையை விட்டுப் பார். ஷூவை உதறிவிட்டுப் போடு. வெறுங்காலோடு நடக்காதே என்று மேலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

என்னிடம் பேச மனமில்லையென்றால் பேச வேண்டாம். மருத்துவரைப் பார்த்ததும் சர்க்கரை எவ்வளவு என்பதை மட்டும் மருமகளிடம் சொல்லி அனுப்பு. அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அம்மா