மழைக்கு ஒதுங்குபவரிடம் கட்டணம் வேண்டாம்

பிரிட்டனில் விமானத் தளங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வார இறுதியில் செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறக்கும் சாதாரண விமானி நான்.

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. கிளம்பும்போது 2,500 அடியில் இருந்த மேகம் அரை மணி நேரத்தில் 1,200 அடிக்கு இறங்கிவிட்டது. முன்கண்ணாடியில் மழைநீர் கோடு கோடாக மேல்நோக்கி ஓடியது. எதிரே குன்றின் உச்சி மறைந்துவிட்டது. இடப்பக்கம் நான்கு மைலில் ஒரு பெரிய விமான நிலையத்தின் ஓடுதள விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. ரேடியோ பொத்தானில் விரல் இருந்தது. மனமோ அங்கே இறங்கினால் தரையிறங்கும் கட்டணம், தரையில் செய்யும் சேவைக்கான ஹேண்ட்லிங் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டபடியே இரண்டு நிமிடம் குன்றை நோக்கிப் பறந்தேன். நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

மேகத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரைச் சோதித்தார்கள். வெளியே எதுவும் தெரியாத நிலையில் 20 பேரும் விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் போனார்கள். சராசரியாக 178 விநாடிகள்தான் தாங்கினார்கள்.

நல்லவேளை, அந்தப் பெரிய நிலையத்தின் பக்கம் திரும்பி அங்கேயே இறங்கிவிட்டேன். கவுண்டரில் பில்லை நீட்டியவர், "அவசரநிலை அறிவித்தீர்களா? அறிவித்திருந்தால் தள்ளுபடி செய்திருப்போம்" என்றார். உயிராபத்து என்று அறிவிக்கும் 'மேடே'யும் நான் சொல்லவில்லை, அதற்கு அடுத்தபடியான அவசர அழைப்பான 'பான் பான்' என்றும் சொல்லவில்லை. நிலைமை கைமீறுவதற்குள் இறங்க அனுமதி கேட்டேன், அவ்வளவுதான். நீங்கள் எங்களிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே? இந்த விதிப்படி, மேகத்துக்குள் சிக்கித் தவித்து வந்தவருக்கு இலவசம், முன்யோசனையோடு ஒதுங்கியவருக்கு பில்.

1985 முதல் 1994 வரை நடந்த சிறு விமான உயிர்ச்சேத விபத்துகளை உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் ஆராய்ந்தது. சரியான நேரத்தில் வேறு தளத்துக்குத் திரும்பியிருந்தால் சில விபத்துகளைத் தவிர்த்திருக்கலாம் என்று அதில் தெரிந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் விமான உரிமையாளர்கள், விமானிகளின் சங்கமான ஏஓபிஏ-வின் சார்லஸ் ஸ்ட்ராசர் தளம் தளமாகக் கேட்டார். வானிலையாலோ கோளாறாலோ ஒதுங்கும் சிறு விமானங்களுக்குக் கட்டணம் இல்லை என்று 200-க்கும் மேற்பட்ட தளங்கள் ஒப்புக்கொண்டன. சேராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஓசியில் இறங்க இதைச் சாக்காக்குவார்கள் என்று சிலர் அஞ்சுகிறீர்கள். விமானத்தை ஊர் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு, டாக்சிக்கும் ராத்தங்கலுக்கும் பணம் கொடுத்து, மறுநாள் திரும்பி வந்து எடுத்துப்போவதை யாரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை.

அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்ஸில் கூப்பிட்டால், வழிகாட்ட ஸ்வான்விக் வான் கட்டுப்பாட்டு மையத்தில் இரவு பகலாக ஆள் இருக்கிறார்கள். அந்த அழைப்புக்கு ஒரு பென்னிகூடக் கிடையாது. அவர்கள் கைகாட்டும் ஓடுதளத்திலும் அதே மனம் இருக்கட்டும். இறங்கிய பிறகு கருணை காட்டிப் பயனில்லை, முடிவு மேலேயே எடுக்கப்படுகிறது. 'ஒதுங்கி இறங்குவோருக்குக் கட்டணம் இல்லை, அவசரநிலை அறிவித்திருக்க வேண்டியதும் இல்லை' என்று உங்கள் கட்டணப் பட்டியலின் முதல் வரியிலேயே போடுங்கள். குளிர்காலம் வருவதற்குள் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு விமானி