ஓணானுக்கும் ஒரு பக்கம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 41-ஆம் பிரிவில், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உங்களைப் போன்ற ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது. ஊரிலுள்ள உயிர்களை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது உங்கள் பொறுப்பு. பயிர் ரகம், மூலிகை, ஆடு மாடு எல்லாம் தானாகவே அதில் வந்துவிடும். ஓணானும் அரணையும் பலருக்கு நினைவுக்கே வராது. அவற்றையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் எங்கே திரும்பினாலும் கரடு எனும் சிறு பாறைக்குன்றும் பாறையும்தான். வருவாய்த்துறைக் கணக்கில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது பயிருக்கு உதவாத கல் நிறைந்த அரசு நிலம். பாறை ஓணானுக்கோ அதுதான் ஊர். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகு மஞ்சளும் சிவப்புமாக ஒளிரும், பக்கங்கள் கறுத்துவிடும். வெயிலில் உச்சிப் பாறையில் ஏறித் தலையை ஆட்டிக்கொண்டு தன் எல்லையைக் காக்கும். பெண் கல்லின் நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று கண்ணில் படாது. முட்டையிட அது மண்ணுக்கு வந்தாக வேண்டும். அதனால் பாறையை மட்டும் விட்டுவைத்தால் போதாது, அடிவாரத்துப் புல்தரையும் வேண்டும். கரடு குவாரியாகிவிட்டால் அடுத்த கரட்டுக்குப் போவதும் எளிதல்ல. நடுவே கொல்லையும் சாலையும் வீடுகளும் வந்துவிட்டன.

இரவில் அதே பாறை வேறு உயிர்களுக்கு. தென்னிந்தியக் கருங்கல் பாறைகளில் வாழும் ஹெமிடாக்டைலஸ் கிரானிட்டிகோலஸ் என்ற பெரிய பல்லியைத் தனி இனம் என்று அறிவியல் விவரித்ததே 2011-இல்தான். இவ்வளவு பெரிய பல்லியே அதுவரை தனியாக அறியப்படாமல் இருந்தது என்றால், யாரும் டார்ச் அடித்துப் பார்க்காத நம் கரடுகளை ஒருமுறையாவது பார்த்துவிட்டு உடைக்க அனுமதிப்பதுதானே நியாயம்?

பாறையை விட்டு இறங்கினால் தரிசிலும் முள்புதரிலும் விசிறித் தொண்டை ஓணான். சருகுக்கடியில் அரணை. அரணை நக்கினால் மரணம் என்று சொல்லியே அதை அடித்துக் கொல்கிறோம். அதற்கு விஷமே கிடையாது. இதைப் பதிவேட்டில் தமிழில் தெளிவாக எழுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். உடும்பு புற்றிலும் மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் தங்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. இருந்தும் கறிக்காகப் பிடிக்கிறார்கள்.

2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் காவேரி தெற்கு என்று நமக்கு இரண்டு சரணாலயங்கள் கிடைத்தன. நல்ல காரியம். ஆனால் யானைக்காடு காப்பாற்றப்படுவதால் ஊரோரக் கரடு தானாகக் காப்பாற்றப்படாது. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிப் பாறைக்குன்றுகள் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. அதற்கு வழிசெய்வதும் இதே பல்லுயிர்ச் சட்டம்தான், அது நம் கரடுகளுக்கும் பொருந்தும்.

பெரிய செலவு எதுவும் ஆகாது. ஆடு மேய்ப்பவர்களையும் கல் உடைப்பவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள், எந்தப் பாறையில் எது இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். பகலில் ஒருமுறை, அப்புறம் இரவில் டார்ச்சுடன் ஒருமுறை போய்ப் பாருங்கள். பச்சோந்தியை இரவில் தேடுவதுதான் சுலபம். வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். படம் எடுங்கள், பிடிக்க வேண்டாம். சர்வே எண்ணோடு எழுதி, அடுத்த கிராம சபையில் படியுங்கள். குவாரி விண்ணப்பம் வரும்போது அந்தப் பக்கத்தின் நகலை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பி, கள ஆய்வு முடியும்வரை அனுமதி தரக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர்