பிரியாவிடை உரையில் எதைச் சொல்லலாம்: மகளுக்கு ஒரு கடிதம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நீ ஆங்கிலத்தில் பேசப்போகும் பிரியாவிடை உரையின் வரைவு கிடைத்தது. ஓய்வுபெறும் உங்கள் வார்ட்டின் பொறுப்புத் தாதியைப் பற்றி நீ எழுதியிருப்பவை எல்லாம் உள்ளத்திலிருந்து வந்தவை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் மதிப்பையும் வியப்பையும் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்களுள் உனக்குத் தெரிந்த அனைத்தையும் ஒரே பந்திக்குள் வைத்துவிட்டாய். பரீட்சைத் தாளில் ஒரு மரபுத்தொடரின் பொருளை எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். சபையில் பேசும்போதோ, அதை யார் யாரைப் பார்த்துச் சொல்லலாம், பக்கத்தில் யார் இருக்கும்போது சொல்லலாகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் மொழியில் மரியாதை வினைமுற்றிலேயே குடியிருக்கிறது. 'வந்தார், சொன்னார், செய்தார்' என்று பேசிக்கொண்டு போனாலே பெரியவருக்குரிய இடம் கொடுக்கப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் வைத்திய நிபுணருக்கும் உன்னோடு வேலை செய்யும் தோழிக்கும் ஒரே 'யூ' தான். ஒருமைக்கென்று முன்பு வழங்கிய 'தௌ' 17 ஆம் நூற்றாண்டளவிலேயே பொதுவழக்கில் அருகிவிட்டது. ஆகவே மதிப்பைத் தெரிவிக்கும் பாரத்தில் பெரும்பகுதி இத்தகைய தொடர்களின் மேலும் குரலின் மேலும் விழுகிறது. ஒரு தொடரே அவ்வளவு பாரத்தைச் சுமக்கும்போது, ஐந்தாறை அடுக்கினால் கனம் கூடுவதில்லை, கேட்பவருக்குக் கூச்சந்தான் கூடும். இங்கே ஓர் அதிபர் ஓய்வுபெற்றால் பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பாவை மேடையில் இராகத்தோடு வாசித்து அவர் கையில் கொடுக்கிறோம். அடுக்கிப் போற்றுவதற்கென்றே அமைந்த மரபு அது. அதில் எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆனால் உங்கள் வார்ட்டின் தேநீர் அறையில் பேசப்படும் ஐந்து நிமிட உரையின் முறை வேறு.

முதலில் 'புட் ஒன் எ பெடஸ்ரல்' என்பதை எடுத்துவிடு. பீடத்தில் ஏற்றி வைப்பது நமக்கு உயர்ந்த வழிபாடாகத் தோன்றும். ஆங்கிலத்திலோ, ஒருவரிடம் குறையே காணாத அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வியக்கிறோம், உண்மையான ஆளை நாம் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்குள் இருக்கிறது. அதைப் புகழ்ச்சியாக எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'சால்ற் ஒஃப் த ஏர்த்' என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நீ மிகவும் விரும்பி எழுதியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். மத்தேயு 5 ஆம் அதிகாரத்தில், மலைப்பிரசங்கத்தில், இயேசு தம் சீடர்களைப் பார்த்து, 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்று சொன்ன இடத்திலிருந்து வந்தது அது. நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த உனக்கும், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று படித்த எவருக்கும், இதைவிடப் பெரிய வாழ்த்து இருக்க முடியாது என்றே படும். எனினும் இன்றைய ஆங்கில வழக்கில் அது ஆடம்பரமில்லாத, நேர்மையான, உழைத்து வாழும் எளிய மனிதரைக் குறிக்கிறது. வசதியான இடத்தில் இருப்பவர் தம்மைவிட எளியவரைப் பாராட்டும் தொனி சில வேளைகளில் அதில் ஒட்டிக்கொள்கிறது. உன் அயலவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வதற்கு அது அழகான தொடர். உனக்கு வேலை பழக்கிய மேலாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்லாதே.

'வேர்த் ஹேர் வெய்ற் இன் கோல்ட்', அதாவது எடைக்கு எடை பொன் பெறுவார் என்பதிலும் இதே சிக்கல்தான். துலாபாரத்தை அறிந்த நமக்கு அது பெரிதாகத் தெரியும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நல்ல உதவியாளரைப் பற்றி அவரால் பயனடைந்தவர் சொல்வது. 'ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் அபவ்', அதாவது மற்றவர்களைவிடத் தலையும் தோளும் உயர்ந்தவர் என்பது ஒருவரை உயர்த்தும்போதே மற்றவர்களைத் தாழ்த்திவிடுகிறது, அந்த மற்றவர்கள் உன் எதிரிலேயே அமர்ந்திருப்பார்கள். 'பிக் ஷூஸ் ரு ஃபில்', அதாவது அவருடைய இடத்தை நிரப்புவது எளிதன்று என்பது ஓய்வுபெறுபவருக்கு மிகப் பொருத்தமானது, ஆனால் அவருடைய பொறுப்பை ஏற்கப்போகிறவர் அதே அறையில் இருந்தால் அவருடைய மனநிலையை எண்ணிப் பார்.

நியூட்டனின் பெயரால் நீ சேர்த்திருக்கும் 'ஸ்ராண்டிங் ஒன் த ஷோல்டர்ஸ் ஒஃப் ஜயன்ற்ஸ்', அதாவது இராட்சதரின் தோள்மேல் நிற்பது என்ற தொடர், அவருக்கும் மிக முந்தியது. ஜோன் ஒஃப் சோல்ஸ்பரி என்ற அறிஞர் 1159 இலேயே அதைச் சார்ட்ரஸ் நகரத்துப் பேர்னாட்டின் கூற்றாக எழுதிவைத்தார். பத்திரகாளி அம்மன் கோயில் தேரைப் பார்க்கப் பிள்ளை தகப்பனின் தோளில் ஏறுவதைப் போன்ற அந்தப் படிமம் எனக்கு உவப்பானதுதான். ஆயினும் அது ஒரு துறையில் முன்னே சென்ற பலருக்குப் பட்ட கடனைச் சொல்வது. தனி ஒருவருக்கு நன்றி சொல்லும் இடத்தில் அது அவரைக் கூட்டத்துக்குள் கரைத்துவிடும்.

சரி, எவற்றை வைத்திருக்கலாம்? 'ஐ ரேக் மை ஹற் ஓஃப் ரு யூ', அதாவது உங்களுக்காகத் தொப்பியைக் கழற்றுகிறேன் என்பது இருக்கட்டும். முற்காலத்தில் ஆண்கள் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததிலிருந்து வந்தது, நம் முன்னோர் பெரியவர் எதிரே தோள் சால்வையை இறக்கி இடுப்பில் கட்டிய வழக்கத்தோடு ஒத்தது. ஆனால் இன்று அது வயதுக்கோ பதவிக்கோ செய்யும் வணக்கமன்று. கடினமான ஒன்றைச் செய்துமுடித்தவருக்கு, மூத்தவரோ இளையவரோ எவரும் சொல்லக்கூடியது. ஆதலால் அந்தக் கடினமான செயலை முதலில் சொல்ல வேண்டும். 2020 இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ஆட்கள் குறைந்த வார்ட்டை அவர் எப்படிக் குலையாமல் நடத்தினார் என்று நீ தொலைபேசியில் சொல்வாயே, அதை மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டு இதைச் சொல். 'லுக் அப் ரு', அதாவது அண்ணாந்து பார்த்து மதிப்பது, இளையவர் மூத்தவருக்குச் சொல்வது. உன் வாயில் அது இயல்பாகவே பொருந்தும்.

உரையின் நடுவே நிற்க வேண்டியது உன் வரைவில் இல்லாத இன்னொரு தொடர்: 'ரேக் எ லீஃப் அவுற் ஒஃப் ஹேர் புக்'. ஒருவர் செய்வதைப் பார்த்து நாமும் அவ்வாறே செய்யத் தொடங்கினோம் என்பது அதன் கருத்து. முதியவர்களிடம் நின்றுகொண்டு பேசாமல், நாற்காலியைக் கட்டிலருகே இழுத்து அமர்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துத் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அவர் மருந்தைப் பற்றிப் பேசுவார் என்றும், இப்போது நீயும் அப்படியே செய்கிறாய் என்றும் எனக்கு எழுதியிருந்தாய். அவரைப் பற்றி நீ சொன்னவற்றுள் என்னை மிகவும் தொட்டது அதுதான், மகள். அந்த நாற்காலி உன் வரைவில் எங்கும் வரவில்லை.

'ஹெல்ட் இன் த ஹையஸ்ற் ரிகார்ட்', அதாவது மிக உயர்ந்த மதிப்புக்குரியவர் என்பது எழுத்து நடைக்குரியது. நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் பயன்படுத்து. 'வீ ஓல் திங் த வேர்ல்ட் ஒஃப் யூ', அதாவது நாங்கள் எல்லோரும் உங்களை மிகப் பெரிதாக எண்ணுகிறோம் என்பதை எல்லோரும் கையெழுத்திடும் வாழ்த்து அட்டையில் எழுதலாம், ஏனெனில் அதில் மதிப்போடு அன்பும் கலந்திருக்கிறது, பலர் சேர்ந்து சொல்லும்போது இன்னும் நன்றாக இருக்கும்.

திருத்திய உரையை நிகழ்வுக்கு முன்பே எனக்கு அனுப்பு. அத்தோடு, அதை நீ வாய்விட்டு வாசிப்பதையும் பதிவுசெய்து அனுப்பினால், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா