சாட்ஸ்வொர்த்திலிருந்து தங்கச்சிக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
2025 ஜூலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள். அப்பாவும் அம்மாவும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே இப்போது குளிர்காலம். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மத்தியானம் கழற்றிவிடலாம். நீ ஊழியத்துக்காக வந்து இறங்கப்போகிற ஜனவரி நல்ல புழுக்கமான மாதம், பருத்தித் துணியே எடுத்து வா. இங்கே மாலை ஆறு மணி என்றால் நம் ஊரில் ராத்திரி ஒன்பதரை. அம்மாவிடம் பேச இங்கத்து மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் தோது.

வீடு சந்திப்புக்குப் போனால் என்ன பேசுவது என்று கேட்டிருந்தாய். யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வா, பேச்சு தானாக வரும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல்தான் டர்பனுக்கு வந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல். கரும்புத் தோட்ட வேலைக்காக 1911 வரை அப்படி ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். நம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்த அதே 1903-இல், நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா என்ற தெலுங்கு பாப்டிஸ்ட் ஊழியர் இங்கே வந்து சபைகளைக் கட்டினார். ஆகவே சுவிசேஷத்தை நாம்தான் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதே. நம்மைவிட மூத்த விசுவாசிகள் இங்கே இருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் தானாக வளர்ந்த ஊர் இல்லை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-இல் சட்டம் கொண்டுவந்து, நகரத்துக்குள் இருந்த இந்தியக் குடும்பங்களை 1960-களில் பெயர்த்து இந்த மேடுபள்ளத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மகசின் பாரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த தமிழரும் தெலுங்கரும் அப்படி வந்தவர்கள்தான். அதனால் எண்பது வயது ஆயாவிடம் "உங்கள் ஊர் எது" என்று கேட்டால் அவர் தமிழ்நாட்டு ஊரைச் சொல்லமாட்டார், இடித்துப்போட்ட அந்தக் குடியிருப்பைத்தான் சொல்வார். அதைக் கேட்க நேரம் கொடு. அவசரப்பட்டு வேதாகமத்தைத் திறக்காதே.

வீட்டுப் பேச்சு முழுக்க ஆங்கிலம். தமிழில் மிஞ்சியிருப்பது உறவுமுறையும் சமையலும்தான்: ஆயா, தாத்தா, அண்ணா, அக்கா. குடும்பப் பெயரில் கவுண்டர் கவெண்டர் ஆகிவிட்டார், முதலி மூட்லி ஆகிவிட்டார். கீரையை 'ஹெர்ப்ஸ்' என்பார்கள், சேப்பங்கிழங்கு மடும்பி. உன்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வயதில் பெரியவர்களை நீ ஆண்ட்டி, அங்கிள் என்றே கூப்பிடு. பாட்டியை மட்டும் ஆயா என்று சொல், அந்த ஒரு சொல்லிலேயே அவர் முகம் மலரும்.

ஒரே வீட்டில் பாதிப்பேர் விசுவாசிகள், பாதிப்பேர் இந்துக்கள் என்பது இங்கே சர்வசாதாரணம். பெரிய வெள்ளியன்று நாம் மும்மணி (மூன்று மணி நேர) ஆராதனையில் இருக்கும்போது அந்த வீட்டு அண்ணன் குடும்பம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் இருக்கும். அதைக் குறையாகப் பேசினால் அந்தக் கதவு உனக்கு அடைபட்டுவிடும். புரட்டாசி மாதம் முழுக்கத் தமிழ் இந்து வீடுகளில் கறி மீன் சேர்ப்பதில்லை. அந்த மாதத்தில் சபை விருந்தில் மிஞ்சிய கோழி பிரியாணியை அன்பாக எடுத்துக்கொண்டு போனால், மாமியாருக்கும் விசுவாசியான மருமகளுக்கும் நடுவே நீயே ஒரு சண்டையை வைத்துவிட்டு வருவாய். பருப்பு பிரியாணி கொண்டுபோ. மாட்டிறைச்சி எந்த மாதத்திலும் வேண்டாம், கிறிஸ்தவ வீடுகளிலும் பலர் தொடமாட்டார்கள்.

சந்திப்புக்குப் போவதை முதல்நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடு. வாசலில் இரும்புக் கேட்டும் நாயும் இருக்கும், கேட்டைத் தட்டாமல் போன் செய்து நில். எப்போதும் இரண்டு பேராகப் போ. மாதக் கடைசி வெள்ளி, சனி சம்பளமும் கடைவீதியுமாக இருக்கும், அன்று ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஞாயிறு பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து வரை நல்ல நேரம். நாற்பது நிமிடத்துக்குமேல் உட்காராதே. வெளியே வந்ததும் நோட்டில் தேதி, வீட்டில் பார்த்தவர்கள், எதற்காக ஜெபிக்கக் கேட்டார்கள், நீ என்ன செய்வதாகச் சொன்னாய், என்றைக்குள் என்று எழுதிவிடு. கடைசி இரண்டும்தான் முக்கியம். ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற ஊழியர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிச் செவ்வாய்க்கிழமை வருகிறவர்தான் அபூர்வம்.

இனி நான் மனப்பாரத்தோடு எழுதுவது உபவாச ஜெபத்தைப் பற்றி. இங்கத்து இந்தியர்களிடம் சர்க்கரை வியாதி மிக அதிகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கூடும் இடத்தில் பலர் கைப்பையில் மாத்திரை இருக்கும். உபவாசம் என்று அறிவித்ததும் இவர்கள் சாப்பாட்டை விடுகிறார்கள், மாத்திரையையோ ஊசியையோ வழக்கம்போல எடுத்துக்கொள்கிறார்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்து குறைவு. இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் உணவு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். பதினொரு மணி வாக்கில் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்து விட்டுவிட்ட இடங்களும் உண்டு. நீ அப்படி நினைக்காதே. நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடு. பதினைந்து நிமிடம் பார். மாறாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வை, இல்லாவிட்டால் சர்க்கரை திரும்ப இறங்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

இதற்குப் பயந்து சிலர் உபவாச நாளில் இன்சுலினைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். சிறுவயதிலிருந்தே ஊசி போடுகிறவர்களுக்கு அது இன்னும் பெரிய ஆபத்து. ஆகவே அறிவிப்பு செய்யும்போதே, சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்கள் கிளினிக் நர்ஸிடம் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு வாருங்கள் என்று சபைப் போதகரான ஐயர் வாயாலேயே சொல்லச் சொல். நாம் சொன்னால் ஆயாமார் கேட்கமாட்டார்கள்.

மின்சாரம் போனால் இன்சுலினைச் சூடேறாமல் வைக்க ஒரு வழி உண்டு. பெரிய மண்சட்டிக்குள் சின்ன மண்சட்டி, இரண்டுக்கும் நடுவே ஈர மணல், மேலே ஈரத்துணி, நிழலில் காற்றுபடும் இடம். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெப்பத்தில் கெடாமல் ஓரளவு காக்கும். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இங்கே 'சுகர்' என்றால் நீரிழிவு, 'சுகர்ஸ்' என்றால் வேறு. ஹெராயினோடு வேறு தூள்களைக் கலந்து மலிவாக விற்கிற போதை அது. இந்த ஊர்ப் பிள்ளைகளை அது தின்றுகொண்டிருக்கிறது. குழாய்முனை, செம்புக் கம்பி, அப்பாவின் வேலைச் சாமான் என்று வீட்டில் பொருள் காணாமல் போவதுதான் முதல் அடையாளம். தாய்மார் அழுதுகொண்டு வருவார்கள், பையனை ஒரு அறையில் போட்டுப் பூட்டி ஜெபியுங்கள் என்பார்கள். ஜெபிப்போம், பூட்டவேண்டாம். நிறுத்திய எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்பிடிப்பு ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு வாரத்தில் தணியும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருப்பதால் நீர் வற்றாமல் பார்க்க வேண்டும்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மடக்கு மடக்காக. முடிந்த மட்டும் மருத்துவர் பார்வையிலேயே நிறுத்தவை, அதற்கு மருந்து உண்டு.

பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். பத்து நாள் கழித்துப் பையன் குளித்து, சாப்பிட்டு, ஞாயிறன்று சபையில் தான் மாறியதைச் சாட்சி சொல்வான். எல்லாருக்கும் சந்தோஷம். உடம்பு அதற்குள் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மறுவாரம் கையில் காசு கிடைத்துப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். இதைத் தாயிடமும் பையனிடமும் தனித்தனியாக, வெட்கப்படாமல், நேராகச் சொல். சாட்சி சொல்லச் சொல்லி அவசரப்படுத்தாதே. கையில் ரொக்கம் கொடுக்காதே, பஸ் கட்டணம் என்றால் கூடவே போய் ஏற்றிவிடு.

உணவுப் பொட்டலம் கட்டுவது எளிது என்று நினைப்போம். நாங்கள் ஒரு குடும்பத்துக்கு வைப்பது 10 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ மாவு, இரண்டரைக் கிலோ சர்க்கரை, 2 லிட்டர் எண்ணெய், ஒரு கிலோ பருப்பு, 2 கிலோ சுகர் பீன்ஸ் (புள்ளிபோட்ட உலர்ந்த பீன்ஸ்), 400 கிராம் டின் மீன் நான்கு, தேயிலை, உருளைக்கிழங்கு, வெங்காயம். சோப்பைத் தனிப் பையில் போடு, அரிசியோடு வைத்தால் சோறு சோப்பு மணக்கும். சுகர் பீன்ஸை ராத்திரி ஊறவைத்து மறுநாள் ஒரு மணி நேரத்துக்குமேல் வேகவைக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் மின்சாரம் முன்பணம் கட்டி வாங்குவது. கடையில் காசு கொடுத்தால் இருபது இலக்க எண் தருவார்கள், அதை மீட்டரில் அடித்தால்தான் விளக்கு எரியும். மீட்டரில் காசில்லாத வீட்டுக்கு 2 கிலோ பீன்ஸ் கொடுத்து என்ன பயன்? முதலில் மீட்டரைக் கேள். காசில்லை என்றால் 50 ராண்ட் மின்சாரம் போட்டுக்கொடு, அல்லது டின் மீனும் ரொட்டியும் அதிகமாக வை. பொட்டலத்தைச் சபைப் பெயர் போட்ட பையில் கொண்டுபோகாதே, பக்கத்து வீடு பார்க்கும்.

தண்ணீர் நின்று லாரித் தண்ணீர் வரும் நாட்களில் 25 லிட்டருக்கு மணமில்லாத பிளீச் ஒரு தேக்கரண்டி கலக்கி இரண்டு மணி நேரம் மூடிவைத்துக் குடிக்கச் சொல். கலங்கல் என்றால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், கலங்கலில் பிளீச் சரியாக வேலை செய்யாது.

பிள்ளைகளைத் தாய்தான் வளர்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளாதே, பல வீடுகளில் ஆயாதான் வளர்க்கிறார். அரசு தரும் குழந்தை உதவித்தொகையை 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்ட் ஆக்கினார்கள். பிள்ளையை வளர்ப்பவர் யாரோ அவரே கேட்கலாம், பெற்றவராக இருக்கவேண்டியதில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆயாவின் அடையாள அட்டை, வருமானத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். பத்திரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே எழுதி முத்திரை போட்டுத் தருவார்கள், விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை. நடுவில் ஒருவர் காசு கேட்டால் அவர் தரகர். தாய் ஏற்கெனவே அந்தத் தொகையை வாங்கிக்கொண்டிருந்தால் ஆயாவின் விண்ணப்பம் நிற்கும், அதை முதலிலேயே விசாரித்துவிடு. 'மஷோனிசா' என்கிற வட்டிக்காரர் கடனுக்கு ஈடாக உதவித்தொகை அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. அது சட்டப்படி குற்றம். ஆனால் ஆயாவைத் தனியாக அனுப்பி அட்டையைத் திருப்பிக் கேட்கச் சொல்லாதே, பெரியவர் இரண்டு பேர் கூடப் போகட்டும்.

கீர்த்தனை கற்றுக்கொடுப்பது உன் பொறுப்பாக வரும். ஆங்கில எழுத்தில்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். ழகரத்துக்கு இசட்-எச் போட்டால் இசட் என்றே வாசிப்பார்கள். எல் எழுதி அடியில் கோடு போட்டு, நாக்கை மடக்கிக் காட்டு. நெடில் வந்தால் எழுத்தை இரட்டித்து எழுது. வாரத்துக்கு நாலு வரிக்குமேல் வேண்டாம், ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கீழே இருக்கட்டும். அர்த்தம் தெரியாமல் பாடின தலைமுறை ஒன்று போய்விட்டது, இந்தப் பிள்ளைகள் அர்த்தம் கேட்கிறார்கள்.

வரும்போது பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் இரண்டு கொண்டுவா. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆயாமார் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், கண் மங்கிவிட்டது. அம்மா கருப்பட்டி கொடுத்துவிட நினைப்பாள், சாமானில் உணவுப்பொருள் இருந்தால் இறங்கும்போது அதிகாரிகளிடம் சொல்லிவிட வேண்டும், அதனால் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாகவே வாங்கிக்கொள். ஜூலை அசன விருந்துக்கு என் பங்கு காணிக்கையை அப்பாவிடம் சொல்லிக் கட்டிவிடு, நீ வந்ததும் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா